கரையோர மீன் உணவகத்துக்குப் போகிறீர்களா? நாள் குறிப்பதில் தொடங்கி நண்டு உடைப்பது வரை

தண்ணீரை ஒட்டிய மீன் உணவகத்துக்குப் போகத் திட்டமிட்டவுடன் பெரும்பாலானோர் செய்யும் முதல் வேலை மெனுவைத் தேடிப் பார்ப்பது. நான் சொல்வது, முதலில் தண்ணீரைப் பாருங்கள், மெனு அப்புறம். எந்த நேரத்தில் போவது, எந்த நாற்காலியில் உட்காருவது, எதைச் சூடாகச் சாப்பிட முடியும், சமையலறையில் இன்று நல்ல மீன் இருக்குமா என்பதையெல்லாம் வெயிலும் காற்றும் ஓதமும் (கடல்நீர் ஏறி வற்றுவது) படகுகளும்தான் தீர்மானிக்கின்றன. இதைப் புரிந்துகொள்ளாமல் பல வருடம் நல்ல மாலைப் பொழுதுகளை வீணாக்கியிருக்கிறேன். வரிசையாகச் சொல்கிறேன், உங்களுக்குத் தேவையானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. நாளையும் நேரத்தையும் தண்ணீரை வைத்துக் குறியுங்கள்

கடலோரம், கழிமுகம், காயல் என்றால் முதலில் ஓத அட்டவணையைப் பாருங்கள். பெரும்பாலான கரைகளில் ஒரு நாளில் இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வற்றும். ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையே சுமார் 6 மணி 12 நிமிடம். நாளுக்கு நாள் இந்த நேரம் 50 நிமிடம்போல் தள்ளிப்போகும், அதனால் போன வாரம் மாலை 5 மணிக்குத் தளும்பிய இடம் இந்த வாரம் அதே நேரத்தில் வெறும் சேறாக இருக்கலாம். மணல் கரையில் இது பெரிய விஷயமில்லை. சேற்றுக் கரையில் மிகப் பெரிய விஷயம், ஏனென்றால் நீர் வற்றியதும் சேற்றிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பி அழுகிய முட்டை வாடை அடிக்கும். அந்த வாடையோடு எவ்வளவு நல்ல மீனும் ருசிக்காது, பாவம் சமையல்காரர்மேல் பழி விழும். நீர் ஏறிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துப் போனால் நல்லது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் இரண்டுமே அதிகம், அந்த நாட்களில் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

ஏரி, ஆற்றங்கரை உணவகம் என்றால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. நேராக வெயிலுக்குப் போய்விடலாம்.

சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் அந்த இடம் மேற்கு பார்த்ததா என்று வரைபடத்தில் பாருங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் கிழக்கு பார்த்த கரையில் போய் உட்கார்ந்து சூரிய அஸ்தமனத்துக்குக் காத்திருந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். கிழக்கு பார்த்த இடம் மோசம் என்று சொல்லவில்லை, அங்கே மாலையில் முகத்தில் வெயில் அடிக்காது, பௌர்ணமியன்று நிலா எழுவதைப் பார்க்கலாம், எனக்கு அது சூரிய அஸ்தமனத்தைவிடப் பிடிக்கும். மேற்கு பார்த்த இடமென்றால் மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே உட்கார்ந்துவிடுங்கள். மறைந்தவுடன் எழுந்து போய்விடாதீர்கள், வானத்தில் நல்ல நிறம் அதற்குப் பிறகான 20, 30 நிமிடங்களில்தான் வருகிறது. பூமத்திய ரேகைக்கு அருகில் இந்த அந்தி சீக்கிரம் முடிந்துவிடும், துருவங்களை நோக்கிப் போகப்போக நீண்டு நிற்கும்.

அப்புறம் காற்று. பகலில் நிலம் தண்ணீரைவிட வேகமாகச் சூடேறுவதால் கடலிலிருந்து காற்று உள்ளே வீசும், பிற்பகலில்தான் அது பலமாக இருக்கும். பொழுது சாயச் சாயத் தணியும், இரவில் திசை மாறி நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். மதியம் 2, 3 மணிக்குத் திறந்த மேல்தளத்தில் சாப்பிடுவது என்றால் காகிதக் கைக்குட்டை பறக்கும், தட்டு 5 நிமிடத்தில் ஆறிவிடும் என்று தெரிந்தே போங்கள். கூந்தல் நீளமானவர்கள் அதைக் கட்டிக்கொள்ள ஏதாவது எடுத்துச்செல்லுங்கள், மெல்லிய மேல்சட்டை ஒன்றும் கையில் இருக்கட்டும்.

கடைசியாகப் படகு. இரண்டு மூன்று நாளாகக் கடல் கொந்தளிப்பாக இருந்து படகுகள் போகவில்லையென்றால், அன்று மெனுவில் என்ன எழுதியிருந்தாலும் தட்டில் வருவது பழைய மீன் அல்லது உறைய வைத்த மீன். விளக்கு வெளிச்சத்தில் மீன்களைக் கூட்டிப் பிடிக்கும் ஊர்களில் பௌர்ணமி நாட்களில் கணவாயும் மத்தி போன்ற சின்ன மீன்களும் குறைவாகக் கிடைக்கும், நிலவொளியில் படகு விளக்கைத் தேடி மீன் வந்து சேராது. அதற்காக உறைய வைத்ததெல்லாம் மட்டம் என்று நினைக்காதீர்கள். பிடித்த படகிலேயே உடனடியாக உறைய வைத்த மீன், நான்கு நாள் பனிக்கட்டியில் கிடந்த 'புதிய' மீனைவிட நன்றாகவே இருக்கும்.

2. முன்பதிவு செய்யும்போது கேட்க வேண்டியது

'தண்ணீர் தெரியும் மேசை' என்றால் தூரத்தில் ஒரு கீற்று நீலம் தெரிந்தாலும் போதும் என்று அர்த்தமாகிவிடும். 'கைப்பிடிக் கம்பியை ஒட்டிய முதல் வரிசை கிடைக்குமா' என்று நேராகக் கேளுங்கள். கூரை உண்டா, மழை வந்தால் உள்ளே இடம் மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். சக்கர நாற்காலியிலோ கைத்தடியோடோ வருபவர் இருந்தால் மரப்பலகைத் தளமா, மணலா, எத்தனை படி என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள், அங்கே போய் நின்று சங்கடப்படுவது அவர்களுக்குத்தான் வேதனை.

இப்படிப்பட்ட எளிய உணவகங்கள் பலவற்றில் முன்பதிவே கிடையாது. அப்படியானால் வார நாளில் போங்கள், அல்லது மதியக் கூட்டம் கலைந்து மாலைக் கூட்டம் தொடங்குவதற்கு முன்னான இடைவெளியில் போங்கள்.

3. உட்காருவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள்

மேசை காட்டியவுடன் உட்கார்ந்துவிடாமல் சூரியன் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகரும் என்று பாருங்கள். தாழ்ந்த சூரியன் தண்ணீரில் பட்டுத் திரும்பும்போது கண்ணைக் கூசும் ஒளி இரண்டு திசையிலிருந்து வருகிறது, மேலிருந்தும் கீழிருந்தும். குடை மேலிருந்து வருவதைத்தான் தடுக்கும். துருவமுனைப்புக் கண்ணாடி, அதாவது போலராய்ட் கண்ணாடி இருந்தால் நீரில் பட்டுச் சிதறும் அந்தக் கூச்சம் வெகுவாகக் குறையும், சில நேரம் தண்ணீருக்குள் நீந்தும் மீன்கூடத் தெரியும். கண்ணாடி இல்லையென்றால் தண்ணீருக்கு நேர் எதிரே உட்காராமல் பக்கவாட்டில் உட்காருங்கள், சூரியனின் பாதையிலிருந்து சற்று விலகினாலே போதும். சரும எரிச்சலுக்கும் இதே கணக்குதான், நிழலில் உட்கார்ந்தாலும் நீரிலிருந்தும் மணலிலிருந்தும் புற ஊதாக்கதிர் தெறித்து வரும்.

காற்று எங்கிருந்து வருகிறது என்பது அடுத்தது. சமையலறைப் புகைபோக்கியும் குப்பைத் தொட்டியும் காற்று வரும் பக்கம் இருந்தால் அந்த வாசனை முழுக்க உங்கள் மேசைக்குத்தான். இரண்டு அடி தள்ளி இன்னொரு மேசை கேட்பதில் தயங்கவே வேண்டாம். குழந்தைகள் இருந்தால் கம்பியை ஒட்டிய நாற்காலியைப் பெரியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள், குழந்தை உள்பக்கம். கம்பியில் கால் வைத்து ஏறும்படி குறுக்குச் சட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இதில் மட்டும் நான் சமரசமே செய்வதில்லை, காட்சி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

4. மீனைப் பாருங்கள், முகருங்கள்

பனிக்கட்டியில் மீன் அடுக்கி வைத்திருக்கும் உணவகம் என்றால் நேரில் போய்ப் பாருங்கள். கண் தெளிவாகப் புடைத்திருக்க வேண்டும், குழிவிழுந்து மங்கியிருக்கக் கூடாது. செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், நல்ல சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பேறியிருந்தால் வேண்டாம். விரலால் அழுத்தினால் சதை உடனே மேலே வர வேண்டும். புதிய மீனில் கடல் வாசனைதான் வரும். நாம் 'மீன் கவிச்சி' என்று சொல்லும் அந்த வாடை மீன் செத்த பிறகு உண்டாவது. சதையில் இருக்கும் டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்ற பொருளைப் பாக்டீரியா உடைக்கும்போது டிரைமெத்திலமைன் என்ற ஆவியாகும் காரம் (அமிலத்துக்கு எதிர்த்தன்மை கொண்ட பொருள்) வெளிப்படுகிறது, அதுதான் கவிச்சி. எலுமிச்சை பிழிந்தால் அதன் அமிலம் இந்தக் காரத்தோடு சேர்ந்து ஆவியாகாத உப்பாக மாறிவிடுவதால் வாடை அடங்குகிறது. ஆக எலுமிச்சையால் வாடையைத்தான் அடக்க முடியும், கெட்ட மீனை நல்லதாக்க முடியாது.

பார்வைக்கு வைக்காத இடமென்றால் பரிமாறுபவரிடம் 'என்ன ஃபிரெஷ்ஷா இருக்கு' என்று கேட்காதீர்கள், 'எல்லாமே' என்றுதான் பதில் வரும். 'இன்று எது வந்தது, எது உறைய வைத்தது' என்று கேளுங்கள். 'அது நேற்று வந்தது, இதை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று பிரித்துச் சொல்பவரை முழுதாக நம்பலாம், அவர் சொல்வதையே வாங்குங்கள்.

5. எடை, விலை: ஆர்டர் கொடுப்பதற்கு முன்

மெனுவில் விலைக்குப் பதிலாக 'அன்றைய விலை' என்றிருந்தால் மூன்று கேள்வி. எவ்வளவு எடைக்கு இந்த விலை? சுத்தம் செய்வதற்கு முன் எடையா, பின் எடையா? சமைக்கும் கூலி, வரி எல்லாம் இதில் சேர்த்தியா? ஒருமுறை நானும் நண்பர்களும் ஒரு கரையோர உணவகத்தில் நண்டைக் கைகாட்டி 'அது போதும்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தோம், பில் வந்தபோது மற்ற எல்லாவற்றையும் சேர்த்ததைவிட அந்த நண்டு அதிகம். ஏமாற்று எதுவும் இல்லை, எடையை நாங்கள் கேட்கவே இல்லை. இப்போதெல்லாம் என் கண் முன்னால் தராசில் வைக்கச் சொல்லித் தொகையைக் கேட்டுவிட்டுத்தான் சரி என்கிறேன்.

எடையைப் பற்றி இன்னொன்று. முழு மீனில் தலை, முள், குடல் போனால் சாப்பிடக் கிடைப்பது பெரும்பாலும் பாதிக்கும் குறைவு. நண்டில் அதைவிடவும் குறைவு. நான்கு பேருக்கு ஒரு கிலோ நண்டு நிறைய என்று தோன்றும், உடைத்துப் பார்த்தால் ஆளுக்கு நாலு வாய்தான்.

6. ஆர்டரை இரண்டு தவணையாகக் கொடுங்கள்

ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். திறந்த வெளியில் காற்று தட்டின் சூட்டை உறிஞ்சிவிடும், ஈரக் காற்றில் பொரித்ததன் மொறுமொறுப்பு சீக்கிரமே போய்விடும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வரவழைத்தால் முதல் தட்டைத் தவிர மற்றதெல்லாம் ஆறிப்போனதாகத்தான் சாப்பிடுவீர்கள். முதலில் பொரித்தது ஒன்று மட்டும், வந்தவுடன் காலி செய்யுங்கள். பிறகு கைவேலை அதிகம் உள்ள நண்டு, சிங்கி இறால், ஓட்டுச் சிப்பி, இவற்றை நல்ல வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். சூரியன் மறையும் நேரத்தில் கையெல்லாம் மசாலாவோடு ஓட்டை உடைத்துக்கொண்டிருந்தால் வானத்தையும் பார்க்க மாட்டீர்கள், நண்டையும் ரசிக்க மாட்டீர்கள். இருட்டில் முள் உள்ள மீன் வேண்டவே வேண்டாம். அந்த நேரத்துக்குக் கிண்ணத்தில் வரும் சூப், குழம்பு போன்றவை சரியாக இருக்கும், சூடும் தாங்கும்.

எதை எப்படிச் சமைக்கச் சொல்வது என்பதற்கு என் கணக்கு எளிது. அன்று வந்த மீன் என்றால் சுட்டது அல்லது ஆவியில் வெந்தது, கூடவே உப்பு, எலுமிச்சை, அவ்வளவுதான். புதிய மீன்தானா என்று சந்தேகம் இருந்தால் அந்த மீனே வேண்டாம், கெட்டியான மசாலாவில் மறைத்துச் சாப்பிடுவதில் அர்த்தமில்லை. கணவாய் ஒன்று வெகு குறைந்த நேரம் வேக வேண்டும், இல்லையென்றால் வெகு நேரம் வேக வேண்டும், இடையில் எடுத்தால் ரப்பர்தான். மீன் வெந்துவிட்டதா என்று தெரிய, சதை கண்ணாடித்தன்மை போய் வெண்மையாகி, முள்கரண்டி பட்டதும் ஏடு ஏடாகப் பிரிய வேண்டும். நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸ் என்பது பாதுகாப்பு அளவு. நண்டும் இறாலும் சிவப்பதை வெந்ததற்கு அடையாளமாக வைக்காதீர்கள். ஓட்டில் புரதத்தோடு ஒட்டிக்கிடக்கும் அஸ்டாசாந்தின் என்ற நிறமி சூட்டில் விடுபடுவதால் சிவப்பு வருகிறது, உள்ளே சதை வேகாதபோதும் ஓடு சிவந்துவிடும்.

7. கையால் சாப்பிடும் வித்தை

நண்டை மல்லாத்திப் பிடியுங்கள். வயிற்றில் மடிந்து ஒட்டியிருக்கும் ஒரு மடல் தெரியும், ஆண் நண்டில் குறுகலாக, பெண் நண்டில் அகலமாக இருக்கும். அதைத் தூக்கிப் பிய்த்துவிட்டு அந்த இடுக்கில் கட்டைவிரலைக் கொடுத்தால் மேலோடு மொத்தமாகக் கழன்று வரும். இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் பஞ்சு விரல்கள் மாதிரி இருப்பவை செவுள்கள், அவற்றை எடுத்துப் போட்டுவிடுங்கள். உடலை நடுவில் இரண்டாக ஒடியுங்கள். ஒவ்வொரு காலையும் உடலோடு சேரும் மூட்டில் மெதுவாகத் திருகி இழுத்தால், அவசரப்படாமல் இருந்தால், உள்ளறைச் சதை காலோடு சேர்ந்தே வரும். கொடுக்கைப் போட்டு நொறுக்காதீர்கள், ஓட்டுச் சில்லு சதையில் கலந்துவிடும். தடித்த பகுதியில் ஒரே ஒரு அடி, ஒரு விரிசல் விழுந்தால் போதும், மீதியை விரலால் பிரிக்கலாம்.

முழு மீன் வந்தால் மேல்பக்கச் சதையை நடுமுள் ஓடும் கோட்டில் கீறி இரண்டாகப் பிரித்து எடுத்துச் சாப்பிட்டு முடியுங்கள். பிறகு மீனைப் புரட்டாமல் வால்பக்கம் முள்ளைப் பிடித்துத் தலையை நோக்கித் தூக்கினால் நடுமுள் முழுசாக வந்துவிடும், கீழ்ப்பக்கச் சதை முள்ளில்லாமல் காத்திருக்கும். தலையை அனுப்பிவிடாதீர்கள், கன்னத்தில் இருக்கும் சின்ன உருண்டைச் சதைதான் முழு மீனிலேயே மென்மையானது, எங்கள் மேசையில் அதை எப்போதும் குழந்தைக்கு எடுத்து வைப்போம்.

சிப்பியில் வெந்த பிறகும் திறக்காததை ஒதுக்கிவிடுங்கள். தொண்டையில் முள் சிக்கினால் பெரிய கவளத்தை விழுங்கி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள், முள் இன்னும் ஆழமாகக் குத்திவிடும். இருமிப் பாருங்கள், கொஞ்சம் தண்ணீர் குடித்துப் பாருங்கள், போகவில்லையென்றால் மருத்துவரிடம் போங்கள்.

8. இதை மட்டும் தவிர்க்காமல் படியுங்கள்

ஓட்டுமீன் ஒவ்வாமை உள்ளவர் உடன் இருந்தால் ஆர்டரின் முதல் வார்த்தையே அதுவாக இருக்கட்டும். இறால், நண்டில் ஒவ்வாமை தருவது டிரோபோமையோசின் என்ற புரதம், சமைத்தாலும் அது அழியாது. இறால் பொரித்த அதே எண்ணெயில் பொரித்த கிழங்குகூட ஆபத்துதான், அதனால் எண்ணெய் தனியா, சட்டி தனியா என்று கேளுங்கள்.

பச்சைச் சிப்பியைக் கர்ப்பிணிகள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் தொடவே கூடாது. வெதுவெதுப்பான கடல்நீரில் பெருகும் விப்ரியோ பாக்டீரியாவை எலுமிச்சையோ மிளகாய்ச் சாறோ மதுவோ கொல்லாது, வேக வைத்தால்தான் சாகும். கர்ப்பிணிகள் சுறா, வாள்மீன் போன்ற பெரிய வேட்டை மீன்களையும் தவிர்க்க வேண்டும், அவற்றில் பாதரசம் சேர்ந்திருக்கும்.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்றவை சரியான குளிரில் இல்லாவிட்டால் அவற்றில் ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும், எவ்வளவு வேக வைத்தாலும் போகாது. வாயில் வைத்ததும் மிளகு கடித்ததுபோல் சுருக்கென்றால், நாக்கு குறுகுறுவென்றால், மசாலா என்று நினைத்து விழுங்காமல் அப்படியே நிறுத்திவிடுங்கள். முகம் சிவந்து, தலைவலி, படபடப்பு வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

9. பறவைகள், படங்கள், கிளம்பும் நேரம்

கடற்காகங்கள் உள்ள இடத்தில் தட்டைத் தனியாக விட்டுவிட்டுப் படம் எடுக்கப் போகாதீர்கள். 2019-இல் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், மனிதர்கள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தால் ஹெர்ரிங் என்ற இனக் கடற்காகங்கள் உணவை நெருங்கச் சராசரியாக 21 விநாடி கூடுதலாக எடுத்துக்கொண்டன. பறவையை நேருக்கு நேர் பாருங்கள், அது போதும். அன்பாக ஒரு துண்டு வீசினால் அடுத்த மேசைக்காரர் தட்டுக்குத்தான் அது வினையாகும்.

படம் எடுப்பதற்கு முன் கேமராக் கண்ணைத் துடையுங்கள், உப்புச் சாரல் படிந்த கண்ணாடியில் எல்லாப் படமும் பனிமூட்டமாகத்தான் வரும். சாப்பாட்டுப் படம் ஒன்று, வானம் ஒன்று, உடன் வந்தவர்கள் ஒன்று, பிறகு தொலைபேசியைப் பைக்குள் போட்டுவிடுங்கள்.

சூரியன் மறைவதற்குப் பத்து நிமிடம் முன்பு சூடாகக் குடிக்க ஏதாவது சொல்லிவிடுங்கள். சூரியன் மறைந்தவுடன் பாதிக் கூட்டம் எழுந்து போய்விடும், இடம் அமைதியாகும், காற்றும் தணிந்திருக்கும், அப்போதுதான் நிறங்கள் தொடங்கும். கொசு வரும் நேரமும் அதுதான், காலை மூடிக்கொள்ளுங்கள். மீந்ததைத் தண்ணீரில் வீச வேண்டாம். கட்டி எடுத்துப்போவதாக இருந்தால் சமைத்த மீன் வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 32 டிகிரிக்கு மேல் வெக்கையாக இருந்தால் ஒரே மணி நேரம். நீங்கள் காட்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரமும் இந்தக் கணக்கில் சேரும், அதனால் வீடு தூரமென்றால் கட்டி வாங்காதீர்கள்.